அந்தக் கை யாருடையது

கட்டடம் விழுவதற்கு முன்னால் சத்தம் எதுவும் வரவில்லை. பிற்பாடு யார் கேட்டாலும் ரமாபாய் அதைத்தான் முதலில் சொன்னாள். விரிசல் விடுகிற சத்தம் இல்லை, மண் உதிரவில்லை, ஒன்றுமே இல்லை. மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

ராயபுரத்தில் துறைமுகத்துச் சுவரை ஒட்டிப் போகிற சந்துகளில் ஒன்றில் இருந்தது அந்தக் கட்டடம். கீழே பழைய காலத்துக் கிடங்கு. அதன் தலைமேல் ஒரு மாடி, அந்த மாடியின் தலைமேல் புதிதாக இன்னொரு மாடி. நடுமாடியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி. ரமாபாய் அங்கே காஜா எடுப்பவள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து வருவாள். அவள் புருஷன் பீம்ராவ் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். பக்கத்து மிஷினில் பட்டன் வைப்பவள் ஜூடி. ராயபுரத்துக்காரி, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண். அவள் புருஷன் வால்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ரமாபாயும் ஜூடியும் ஆறேழு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை மாற்றிச் சாப்பிட்டவர்கள்.

அது கார்த்திகை மாத மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடி மிஷின் ஓட ஆரம்பித்த நேரம். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, மடித்து வைத்த சட்டையெல்லாம் நனைந்தது. "இன்னாமே, பாத்துகினு கீறியே" என்று சொல்லிக்கொண்டே ஜூடி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். ரமாபாயின் நூல்கண்டு உருண்டு துணி வெட்டுகிற பெரிய மேஜைக்கு அடியில் போனது. அதை எடுக்கக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

அப்புறம் வெளிச்சம் இல்லை.

முதலில் தனக்குத்தான் கண் போய்விட்டது என்று நினைத்தாள். பிறகு சுண்ணாம்புத் தூள் வாயில் கரித்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே எதன் அடியிலோ மாட்டிக்கொண்டிருந்தது. மேஜையின் தேக்குப் பலகை அவள் முதுகுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அந்தப் பலகையின் மேல் ஒரு மாடி கிடந்தது. "ஜூடி, ஜூடி" என்று கூப்பிட்டாள். குரல் எங்கேயும் போகாமல் அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

வலது கையைத்தான் அசைக்க முடிந்தது. தடவித் தடவிப் பார்த்தபோது இரண்டு காரைத் துண்டுகளுக்கு நடுவில் ஒரு சந்து தட்டுப்பட்டது. கையைத் தோள்வரை அதில் விட்டாள். விரல் நுனியில் குளிர்ந்த காற்று பட்டது. அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மழைத்தண்ணீர் கீழே தேங்கிக் கன்னத்தைத் தொட்டது. எங்கேயோ இரும்பு அடிக்கிற சத்தம், ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம். "நான் இங்க கீறேன்" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

அப்போது ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது.

பிடித்தது என்றால் சும்மா தொட்டுப் பார்த்தது இல்லை. ஐந்து விரலும் அவளுடைய ஐந்து விரலுக்குள் கோத்துக்கொண்டு, நான் போகமாட்டேன் என்று சொல்கிற மாதிரிப் பிடித்தது. ரமாபாய் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே அந்தக் கையை அழுத்தினாள். அது திருப்பி அழுத்தியது.

அதற்குப் பிறகு அந்தக் கைதான் அவளுக்கு உலகம். ஆரம்பத்தில் ஒருமுறை மட்டும் அது நழுவியது, அவள் கை தவித்துத் துழாவியதும் திரும்பி வந்து கோத்துக்கொண்டது. பேச்சு கேட்கவில்லை, ஆனால் பேசிக்கொண்டார்கள். அவள் அழுத்தினால் அது அழுத்தும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது குலுக்கி எழுப்பும். ஒருமுறை ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து அவள் விரலில் சுற்றிவிட்டது. இழுத்து வாயில் வைத்துச் சப்பினாள். உடனே மறுபடி கையை நீட்டினாள். அது அங்கேயே காத்திருந்தது. சில நேரம் இரும்பு மாதிரி இறுக்கியது, சில நேரம் நடுங்கியது. பாவம், களைத்துப் போயிருக்கும் என்று இவள் அதைத் தடவிக் கொடுத்தாள். ஒரு தடவை அது மிகவும் நடுங்கியது. இவளே பயந்து போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த இருட்டில் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது.

மேலே கல்லைப் புரட்டிப் பலகையை அறுத்து அவளை வெளியே இழுத்தபோது பொழுது சாயவில்லை. மழை விட்டிருந்தது. கண் கூசியது. சேறு பூசின முகங்கள் நூறு இருக்கும், ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்குகிற பரபரப்பில் அந்தக் கை நழுவிப்போனது. "கைய வுடாத, கைய வுடாத" என்று அவள் கத்தியதாகப் பீம்ராவ் பிறகு சொன்னான். அதற்குள் மயக்கம் வந்துவிட்டது.

உயிரோடு வந்தவர்கள் பாதி, வராதவர்கள் பாதி. ஜூடி வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட காலை உயரத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தவளைப் பார்க்க மறுநாள் மனோகரன் வந்தார். அந்தப் பகுதியின் எம்.எல்.ஏ. கூடவே டி.வி. கேமரா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவள் காலைப் பார்த்ததும் அவர் கண் உண்மையாகவே கலங்கியது. ஆனால் கண்ணைத் துடைத்ததும் பேச ஆரம்பித்தார்.

"சொல்லுங்கம்மா, உங்களைக் காப்பாத்தினது யாரு? தெரு ஜனங்கதானே? அரசாங்கம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஜனங்க வந்துட்டாங்க இல்லையா?"

"ஒரு கை சார்" என்றாள் ரமாபாய்.

"கை?"

"ஒரு கை வந்து புடிச்சிகினு இருந்திச்சு. யாருதுன்னு தெரில."

மனோகரன் கேமராப் பக்கம் திரும்பினார். "கேட்டீர்களா? ஒரு சாமானியனின் கை. இந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்க எத்தனை இலாகா, எத்தனை மேஜை, எத்தனை முத்திரை! ஒருத்தராவது தடுத்தார்களா? ஊதிப்போன அரசாங்கம் எதையும் தாங்காது. அரசாங்கம் இளைக்க வேண்டும். மக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்."

சாயங்காலம் நீலமேகம் வந்தார். மனோகரனுக்கு எதிர்க்கட்சிக்காரர், தொழிற்சங்கத் தலைவர். கட்டடம் விழுந்த அன்றைக்கே மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றவர், அந்தச் சளி இன்னும் குரலில் இருந்தது. அவரும் அதையேதான் கேட்டார். அவள் அதையேதான் சொன்னாள்.

"அது தீயணைப்பு வீரரோட கை, தாயே. வேற யாரு அந்த இடுக்குக்குள்ள போவான்?" என்றார். பிறகு அவரும் கேமராப் பக்கம் திரும்பினார். "காலிப் பணியிடத்தை நிரப்பமாட்டோம் என்கிறார்கள். கட்டடத்தைப் பார்வையிட ஆள் இல்லை, வண்டி ஓட்ட ஆள் இல்லை. இருக்கிற நாலு பேரின் கைதான் இந்தத் தாயைக் காப்பாற்றியது. அரசாங்கத்தை இளைக்க வைத்தால் இடிபாட்டில் கிடக்கிறவர்களுக்குக் கை கொடுப்பது யார்?"

அன்றிலிருந்து வடசென்னை முழுக்க அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு. கல்மண்டபத்தில் ஒரு கூட்டம், காசிமேட்டில் ஒரு கூட்டம். சுவரொட்டியில் கையைப் போட்டால் இன்னொரு கட்சியின் சின்னமாகிவிடுமே என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் திண்டாடி, கடைசியில் மணிக்கட்டோடு இரண்டு கை கோத்திருக்கிற மாதிரி வரைந்து ஒட்டினார்கள். 'மக்கள் கை' என்று ஒன்று, 'அரசு ஊழியர் கை' என்று மற்றொன்று. பெரம்பூர் பாலத்துக்கு அடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. இறந்துபோனவர்கள் பெயர் இரண்டிலும் பொடி எழுத்தில் இருந்தது.

பீம்ராவுக்குப் பொறுக்கவில்லை. "கட்டடம் இடிஞ்சுது, ஜூடி பூட்டா. இவனுங்கோ இன்னாடான்னா அரசாங்கம் குண்டா இருக்கணுமா ஒல்லியா இருக்கணுமான்னு அடிச்சிகினு கீறானுங்கோ. பேஜாரு" என்றான்.

குண்டு, ஒல்லி எதுவும் ரமாபாய் மனசில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் படுத்தால் உள்ளங்கையில் அந்தச் சூடு இருந்தது. யார் அவன்? மேலே ஒரு மாடி எந்த நிமிஷமும் சரியலாம் என்று தெரிந்தும், முகம் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தானே, எப்படிப்பட்டவன்? பௌத்தத்துக்கு மாறின குடும்பம், கடவுள் நம்பிக்கை அவள் வீட்டில் கிடையாது. புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றும்போது அந்தக் கைக்கும் சேர்த்து ஏற்றினாள்.

வால்டரைப் பார்க்க மட்டும் அவள் போகவில்லை. கால் கட்டு ஒரு சாக்கு. ஜூடியின் அடக்கத்துக்குப் பீம்ராவ் மட்டும் போய்வந்தான். தான் பிழைத்து வந்த முகத்தை அந்த மனுஷனிடம் எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது?

முப்பதாம் நாள் அந்தச் சந்து முனையில் நினைவஞ்சலிக் கூட்டம் என்று ஏற்பாடு ஆனது. எல்லாக் கட்சியும் ஒரே மேடை. ரமாபாயைக் கார் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு கையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருப்பதாகப் பேச்சு. மேடைக்குப் பின்னால் சாமியானாவுக்கு அடியில் ஒரு பெஞ்சில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனோகரன் கொண்டுவந்த நோயல், காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். இன்னொருவர் நீலமேகம் கொண்டுவந்த இன்னாசி, தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர். எதிரெதிர்க் கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரித் தெரியவில்லை, பழகின தோஸ்துகள் மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு அவள் வந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"யக்கா, நடக்கிறியா? சோக்கா கீது பாக்க" என்றார் நோயல்.

"நைனா, உன் கையைக் குடு" என்றாள் ரமாபாய்.

நோயல் கூச்சத்தோடு நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கோத்தாள். கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதான்! இந்தக் கைதான்!"

"ஆமாங்க்கா" என்றார் நோயல். "இன்னாசி அண்ணனையும் பாரு."

இன்னாசி கையை நீட்டினார். ஆட்காட்டி விரல் நுனியில் பழைய தீக்காயம், வழுவழுவென்று. அது அவளுக்குத் தெரியும். இருட்டில் அதைத்தான் அவள் தடவித் தடவிக் கொடுத்தாள்.

"இதுவும்தான்" என்றாள். "எப்புடி? எனக்கு ஒரு கைதானே இருந்திச்சு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னாசி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார்.

"அந்தச் சந்துல ஒரு ஆள் குப்புறப் படுத்துதான் கைய வுட முடியும். தலை கீழ, காலு மேல. கொஞ்ச நேரம் கெடந்தா ரத்தம் மண்டைக்கு ஏறிடும், தண்ணி வேற மூக்குல ஏறுது. அத்தொட்டு மாத்தி மாத்திப் படுத்தோம். மொதல்ல நோயலுதான் உன் கைய கண்டுபுடிச்சான். அவன எழுப்பிட்டு நான் படுக்கறதுக்குள்ள உன் கை தவிச்சுது பாரு, மீனு துடிக்கிற மாதிரி. அப்பவே சொல்லிட்டேன், இனிமே இந்தம்மா கை ஒரு செகண்டு கூட காலியா இருக்கக் கூடாதுன்னு. அப்பால, ஒருத்தன் எழறதுக்கு முன்னாடி அடுத்தவன் பக்கத்துல நெருக்கிப் படுத்து, அவன் கை மேலயே கைய வெச்சு, அவன் உருவறப்ப இவன் கோத்துப்பான்."

"எத்தினி பேரு?"

"யாரு எண்ணினது? வரிசையா நின்னுகினு இருந்தாங்க. ஆட்டுத்தொட்டியில கறி வெட்ற தமீம் பாய் படுத்தாரு. மாநகராட்சி குப்பை வண்டி டிரைவரு. எங்க ஆளுங்க மூணு பேரு. லுங்கியோட ஒரு பெரியவரு, பேரு கூட தெரியாது, வந்தாரு, படுத்தாரு, எழுந்து போயிட்டாரு. எதிர் கம்பெனி சூப்பர்வைசரு பேன்ட்டு சட்டையோட சேத்துல படுத்தாரு."

ரமாபாய் தன் வலது கையை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தாள். அது தன்னுடைய கைதானா என்று இருந்தது. ராயபுரமே அந்த ஒரு சந்து வழியாக நீண்டு வந்து, கை மாறினது அவளுக்குத் தெரியாதபடி அவளைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடலை முதன்முதலில் பார்க்கிற குழந்தைக்கு வாய் திறந்துகொள்ளுமே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

நோயல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வால்டர் அண்ணனும் படுத்தாருக்கா."

"யாரு?"

"ஜூடிக்கா வூட்டுக்காரரு. அப்ப ஜூடிக்காவ எடுத்துட்டாங்க. தார்ப்பாய் போட்டு வெச்சிருந்தோம். அவரு அங்கதான் உக்காந்திருந்தாரு. அப்பால எழுந்து வந்து வரிசையில நின்னாரு. யாருக்கும் வாய் வர்ல, வேணாம்னு சொல்ல. அவரு முறை வந்ததும் படுத்தாரு. மேடையில அவரு பேரு சொல்லாதக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்ககிட்ட கேட்டுகினாரு."

மிகவும் நடுங்கின அந்தக் கை. பயந்து போய் இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட கை.

மேடையிலிருந்து பெயர் சொல்லி அழைத்தார்கள். மனோகரன் பேசி முடித்திருந்தார், நீலமேகம் பேசி முடித்திருந்தார். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். "சொல்லுங்கம்மா. அன்றைக்கு உங்களைப் பிடித்த கை எது? ஊருக்குத் தெரியட்டும்" என்றார் மனோகரன். நீலமேகம் நாற்காலி நுனிக்கு வந்தார்.

எதிரே சந்து நிறையத் தலைகள். அவர்களுக்குப் பின்னால் இடிந்த இடம், கம்பி நீட்டிக்கொண்டு.

"ஒரு கைன்னு நெனச்சேன்" என்றாள். "ஒரு கை இல்லியாம். நெறைய பேராம். பயர் சர்வீஸுகாரங்க, போட்டுக்காரங்க, பாய், குப்பை வண்டி ஓட்றவரு. வரிசையில நின்னு மாத்தி மாத்திப் புடிச்சிகினு இருந்திருக்காங்கோ. மாறினதே எனக்குத் தெரில. இப்பதான் சொன்னாங்க. எனக்கு இன்னா பேசறதுன்னு தெரில. இந்தக் கூட்டத்துல யார் யார் கீறீங்களோ..."

வலது கையை உயர்த்தி விரித்துக் காட்டினாள். முன்வரிசையில் லுங்கி கட்டிய ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அங்கங்கே இரண்டு மூன்று கைகள், தயங்கித் தயங்கி, மேலே எழுந்தன. அப்புறம் இன்னும் சில.

ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது. தலைவர்கள்கூடப் பேசவில்லை. மனோகரன் அந்தக் கைகளைப் பார்த்த பார்வையில் மைக்கை மறந்துவிட்டார் என்றே அவளுக்குத் தோன்றியது.

பிறகு ஞாபகம் வந்துவிட்டது. "பார்த்தீர்களா, மக்கள்!" என்றார். "அதிலே முதலில் சொன்னது தீயணைப்புத் துறை!" என்று நீலமேகம் எழுந்தார். அவர் மைக்கைப் பிடிக்க, இவர் மைக்கைப் பிடிக்க, அரசாங்கம் மறுபடி இளைக்கவும் பெருக்கவும் தொடங்கியது. ரமாபாய் இன்னாசியின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். கார் வேண்டாம் என்றாள்.

வால்டரின் வீடு அங்கிருந்து நாலு தெரு. வெயில் தாழ்ந்திருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. வால்டர் பனியனோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் அங்கேயும் வந்துகொண்டிருந்தது.

"வா ரமா" என்றார். "கால நீட்டி உக்காரு."

உட்கார்ந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்பது மறந்துபோனது. நேராகக் கேட்டுவிட்டாள்.

"எப்புடிண்ணே வந்து படுத்த? ஜூடி அங்க கெடக்கறப்ப?"

வால்டர் முறத்தைக் கீழே வைத்தார். அவர் யோசித்தது பதிலுக்காக இல்லை, அதை வாயில் எடுப்பதற்காக.

"அவ கையத்தான் புடிச்சிகினு உக்காந்திருந்தேன். சில்லுன்னு இருந்திச்சு. எவ்ளோ தேச்சும் சூடு வர்ல. அந்தாண்ட பாத்தா வரிசை நிக்குது. உள்ள ஒரு பொம்பள உசுரோட கீதுன்னாங்க. நீன்னு தெரியாது எனக்கு. போயி நின்னேன். முறை வந்துச்சு, படுத்தேன். கைய வெச்சா..." நிறுத்தினார். "சூடா இருந்திச்சு ரமா. நீ வேற இறுக்கிப் புடிச்சிகினே. வுட மனசே வர்ல. இன்னாசிதான் கால புடிச்சு இஸ்தான்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் வால்டர். "வேற யாருகிட்ட கேக்கறது? அன்னிக்கு அவ இன்னா பேசிகினு இருந்தா?"

ரமாபாய் இந்த முப்பது நாளும் அந்த மத்தியானத்தைத் திரும்பிப் பார்க்க அஞ்சிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவும் நெத்திலி வறுவலும் ஜூடியின் சிரிப்பும் அப்படியே இருந்தன.

"உன்னப் பத்திதாண்ணே. கோயில்ல நீ பாட ஆரம்பிச்சா ஆர்மோனியக்காரரு வாசிக்கறத நிறுத்திட்டு உன்னையே பாப்பாராமே. அதச் சொல்லிச் சொல்லி எங்க எல்லாரையும் சிரிக்க வெச்சா. சோறு பொரையேறிப் பூடுச்சு எனக்கு."

வால்டருக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தாள். சிரிக்கத்தான் செய்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது.

"பாடியும் காட்னாளா?"

"காட்னா. உன் மாதிரியே, தொண்டைய கனைச்சிகினு."

"இன்னொரு தபா சொல்லு" என்றார் வால்டர். "மொதல்லேர்ந்து சொல்லு. டப்பா தொறந்ததிலேர்ந்து."

ரமாபாய் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, மொதல்லேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.